1,197 குதிரைகள்

காலைப் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது கார் செய்திகளைத்தான். அரசியல் செய்தியில் எது சரி, எது தப்பு என்று கண்டுபிடிக்கும் திறமை எனக்கில்லை. கார் செய்தியில் உண்டு. கார் நன்றாக ஓட்டுவீர்களா என்று மட்டும் கேட்கக் கூடாது. லைசென்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கோயில் வரைக்கும் போய் வருவேன், ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத வழியாகப் பார்த்து. மற்ற நாட்களில் வண்டி வாசலில் நிற்கும். நான் உள்ளே உட்கார்ந்து பேப்பரைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மாவட்டப் பக்கத்தில், ஏதோ ஒரு ஸ்விஃப்ட் காரைப் பற்றிய செய்தியில் '1,197 குதிரைத்திறன் கொண்ட' என்று போட்டிருந்தார்கள். அது சிசி கணக்கு, சிலிண்டர்களின் கொள்ளளவு. அந்த எஞ்சினின் குதிரைத்திறன் எண்பது, தொண்ணூறுதான். ஃபார்முலா 1 பந்தயக் காருக்கே சுமார் ஆயிரம்! "அப்படின்னா நம்ம தெரு டாக்டர் கிளினிக்குக் கிளம்பினா, பந்தயக் காரெல்லாம் ஓரங்கட்டி வழிவிடணும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஏங்க, அத்தனை குதிரையில ஒண்ணை அவிழ்த்துக்கிட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துடுங்க. பருப்பு போடறாங்களாம்."

விபத்துச் செய்திகளில் கார் அப்பளம்போல் நொறுங்கியே தீரும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. 'இப்போதைய கார்களின் தகடு தரமற்றது' என்று நிருபர் தன் தீர்ப்பையும் சேர்த்துவிட்டால் எனக்குப் பொறுக்காது. முன்பகுதி நொறுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதலின் வேகத்தைத் தகடு மடங்கி வாங்கிக்கொண்டால், உள்ளே இருப்பவரின் விலா எலும்பு பிழைக்கும். மெர்சிடிஸ் பென்ஸில் பணியாற்றிய பேலா பரேனி இதற்கு 1952-ல் காப்புரிமை பெற்றார். 1959-ல் அந்த அமைப்போடு காரே வந்துவிட்டது. இதை என் மாமனாரிடம் விளக்கினேன். "அம்பாசிடர் மோதினா சுவர்தான் மாப்பிள்ளை விழும்" என்றார். சுவர் விழும், மாமா, ஸ்டியரிங் நம் நெஞ்சுக்குள் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். பலகாரத் தட்டோடு மனைவி முறைத்ததில் பஜ்ஜியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

கார் எரிந்தால் 'பெட்ரோல் டேங்க் வெடித்துச் சிதறியது' என்பார்கள். பக்கத்துப் போட்டோவில் கருகிக் கிடப்பது முன்பக்கம். டேங்க் இருப்பதோ பின்சீட்டுக்கு அடியில். தீ பெரும்பாலும் எஞ்சின் பக்கத்து வயரிங்கிலோ எரிபொருள் கசிவிலோதான் தொடங்கும். 'டமார்' என்று ஊரே கேட்ட சத்தம் பல சமயம் சூட்டில் வெடித்த டயருடையது.

டயர் என்றதும் என் மானம் போன கதை நினைவுக்கு வருகிறது. சித்திரை பிறந்தால், 'டேங்கை நிரப்பாதீர்கள், வெயிலில் வெடிக்கும்' என்ற செய்தி கிளம்பிவிடும். இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்து, கார் தயாரிப்பாளர் குறித்த அளவுவரை தாராளமாக நிரப்பலாம் என்று அறிவித்தாயிற்று. அக்னி நட்சத்திரம் கேட்குமா? கூடவே, 'டயரில் காற்றைக் குறைத்து வையுங்கள்' என்று ஒரு யோசனை. உண்மையில் காற்று குறைந்தால்தான் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்கும் அபாயம் அதில்தான் அதிகம். இதை விளக்கி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பிரசுரமும் ஆயிற்று. இடம் போதவில்லை போலிருக்கிறது, நடுவில் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த வரிகளின்படி, காற்றைக் குறைக்கச் சொல்பவனே நான்தான். கீழே என் பெயரும் ஊரும் மட்டும் எழுத்துப்பிழையின்றி வந்திருந்தன. முனையிலுள்ள பஞ்சர் கடைக்காரர் அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டியிருக்கிறார். அவருக்கு வியாபாரம் பரவாயில்லை என்று கேள்வி.

இத்தனையிலும் என்னைப் பாடாய்ப் படுத்துவது 'சொகுசு கார்'தான். விபத்தில் சிக்கிவிட்டால் எந்தக் காரும் சொகுசு கார். அரசாங்கத்திடம் தெளிவான அளவுகோல் இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் அது சின்னக் கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அளவை மீறினால் 40. சின்னக் கார் சலுகைக்காகவே 2012-ல் ஸ்விஃப்ட் டிசையரின் டிக்கியைக் குறுக்கி, மொத்த நீளத்தை 3,995 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். மில்லிமீட்டர் கணக்கில் சொகுசைத் தவிர்த்த அந்த வண்டி பள்ளத்தில் இறங்கினால், மறுநாள் பேப்பரில் சொகுசு கார்!

இப்படி நான் பொருமிக்கொண்டிருந்த காலத்தில், ரிவர்ஸில் வந்த லோடு ஆட்டோ ஒன்று வாசலில் நின்ற என் மாருதி 800-ஐ இடித்துவிட்டது. மறுநாள் மாவட்டப் பக்கத்தில், 'சொகுசு கார் மீது லோடு ஆட்டோ மோதல்'. 796 சிசி. நீளம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. ஏசி கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும்.

"திருத்தம் எழுதலையா?" என்றாள் மனைவி.

"பாவம், வெயிலில் அலைந்து எழுதுகிறார்கள். எதற்கெடுத்தாலும் குறை சொல்லக் கூடாது" என்றேன்.

கூடுதலாகச் சில பிரதிகள் வாங்கி, ஒன்றைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். போட்டோவில் வண்டி உறை போர்த்தியே இருந்தது ஒரு வசதி.