திண்ணைக்கு வந்த பாஸ்டர் தம்பிக்கு

வாய்யா பாஸ்டர் தம்பி, உக்காரு. மேடையில நின்னா உனக்கு 'நீங்க'. என் திண்ணையில 'நீ'தான், கோவிச்சுக்காதே. இன்னா கேட்டே? ஜனம் வருது, ஞானஸ்நானம் எடுக்குது, ஆறே மாசத்துல காணாமப் போவுது, அதானே? சாத்தான் வேலைன்னு நீ சொல்ற. அவனுக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி. அவன் தலையில இதையும் கட்டாதே.

சித்தூர் ரோட்டுல உன் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். எனக்குக் கண்ணு மங்கல், ஆனா உன் மீசை மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. பேருக்கு முன்னாடி டாக்டர், தீர்க்கதரிசி. ஏசு சாமி பேரைத் தேடித் தேடி ஒரு மூலையில கண்டுபிடிச்சேன். பாவம், இடம் பத்தலை போல.

நம்ம திருத்தணி மலைப் படி 365, வருசத்துல நாளுக்கு ஒண்ணு. டிசம்பர் 31 வந்தா பஜனைக் கோஷ்டிங்க ஒவ்வொரு படிக்கும் மஞ்சக் குங்குமம் வெச்சு, சூடம் ஏத்தி, திருப்புகழ் பாடிட்டுத்தான் அடுத்த படியில கால் வெப்பாங்க. அந்தப் படித் திருவிழா எப்படி வந்துச்சு தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்துல இங்கிலீஷ் வருசப் பொறப்புன்னா துரை பங்களா வாசல்ல பழமும் மாலையுமா நம்மாளுங்க வரிசை கட்டுவாங்க. வள்ளிமலை சச்சிதானந்த சாமிதான், எல்லா துரைக்கும் பெரிய துரை மலை மேல இருக்கான், முதல்ல அவனைப் பாருங்கன்னு 1917-ல ஆரம்பிச்சு வெச்சாரு. துரை வாசல்ல நின்ன கூட்டத்தை அவரு சாமி பக்கம் திருப்பினாரு. நீ சாமியைத் தேடி வந்த கூட்டத்தை உன் வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கே. ஜனவரி 1 காலையில உன் வீட்டு முன்னாடி சால்வை என்ன, ஆப்பிள் என்ன, கவர் என்ன! நானும் ஒரு எலுமிச்சம்பழத்தோட வந்தேன். அதுக்குள்ள ஒருத்தன் 'ஆவிக்குரிய தகப்பனே'ன்னு உன் கால்ல விழுந்தான், நீயும் தடுக்கலை. பழத்தைத் திருப்பி எடுத்தாந்து ஊறுகா போட்டுட்டேன்.

மைக்குல மலையைத் திட்டுறதையும் விட்டுடு. இந்த ஊர்ல 1888-ல பொறந்த ராதாகிருஷ்ணன் திருப்பதியில லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடம், வேலூர்ல ஊரிசு காலேஜ், மெட்ராஸ்ல கிறிஸ்தவக் காலேஜ்னு பெரும்பாலும் படிச்சது நம்ம மிஷன்காரங்க கிட்டதான். அவங்க இந்து மதத்தைக் குறை சொல்லச் சொல்ல, அப்படியா சேதின்னு உக்காந்து வேதாந்தத்தைக் கரைச்சுக் குடிச்சாரு. கடைசியில நாட்டுக்கே ஜனாதிபதி. நீ இன்னும் ரெண்டு வருசம் திட்டினா மலைக்கு எத்தனை பண்டிதரைச் சேர்த்துக் குடுப்பியோ!

சரி, உன் சங்கதிக்கு வரேன். காலனியில ஒரு வீட்டுக்கு ஜெபிக்க வந்தியே, ஞாபகம் இருக்கா? அந்தம்மா ஆசையா டம்ளர்ல மோர் கொண்டாந்தா. நீ பையில இருந்து தண்ணி பாட்டிலை எடுத்து, மோர் தொண்டைக்கு ஆகாதுன்னே. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் கத்துற தொண்டைய்யா அது! ஒரு வாய் மோர்ல கெட்டுப்போயிடுமா? ஏசு சாமி மரத்து மேல இருந்த சகேயுவைக் கீழ எறக்கி அவன் வீட்டுலயே போய்த் தங்கினாரு. கையில பாட்டில் இருந்ததா பைபிள்ல இல்லை.

திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா ஐயரைப் படிச்சிருப்பே. தெலுங்கு தேசத்து தோர்ணக்கல்லுக்குப் போயி, அவங்க பாஷையைக் கத்துக்கிட்டு, மாட்டு வண்டியில ஊர் ஊராச் சுத்தினவரு. நாமளும் 1960 ஏப்ரல் வரைக்கும் ஆந்திராவுல இருந்தவங்கதான். உன் சபைக் கெழவிங்க பாதிப் பேரு தெலுங்குல அழுவுறாங்க, நீ தமிழ்ல ஆறுதல் சொல்ற. 1910-ல எடின்பரோவுல உலக மிஷனெரி மாநாடு. அத்தனை வெள்ளைக்காரங்க முன்னாடி நின்னு, நீங்க பண்ண தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு வேண்டியது சிநேகிதம்னு கேட்டாரு அசரியா. சில பேருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. ரெண்டு வருசத்துல அவரே பிஷப். ஆங்கிலிக்கன் சபையில இந்தியன் ஒருத்தன் அந்த நாற்காலியில உக்காந்தது அதான் முதல் தடவை. அன்னைக்கு துரைமாருங்களைக் கேட்டதை இன்னைக்கு உன்னைக் கேக்கணும். நிறத்தைத் தவிர மத்ததெல்லாம் நீ துரைதான்.

அவரு பண்ண இன்னொரு வேலை. ஞானஸ்நானம் எடுத்த மாலா, மாதிகா சாதி ஜனத்தை, அவங்கவங்க கையை அவங்கவங்க தலையிலயே வெச்சு, நான் சுவிசேஷம் சொல்லாட்டி எனக்கு ஐயோன்னு சொல்ல வைப்பாராம். பேரெழுதத் தெரியாதவங்கதான் நிறையப் பேரு. அவங்களை நம்பித்தான் வேலையைக் குடுத்தாரு. உன் சபையில எல்லார் தலையிலயும் உன் கைதான் இருக்குது. ஜெபம் நீ, பாட்டு நீ, பிரசங்கம் நீ, கணக்கும் நீ. நாத்து விட்டவன் பறிச்சு நடாம நாத்தங்கால்லயே வெச்சுக்கிட்டிருந்தா கதிர் எங்கய்யா வரும்?

கணக்குன்னதும் ஒண்ணு. முன்னெல்லாம் பொம்பளைங்க உலை வைக்கிறப்போ ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வெச்சுக் கோயிலுக்குக் குடுப்பாங்க. இப்போ தூணுக்குத் தூண் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கே. ஒட்டிக்கோ, வேணாங்கலை. மாசத்துக்கு ஒருதரம் வரவு செலவை சபை நடுவுல சத்தமாப் படி. அதுக்கு உன் ரெண்டு ஸ்பீக்கரையும் போட்டுக்க, நான் தடை சொல்ல மாட்டேன்.

வர்ற ஞாயிறு அந்த மோர்க்கார அம்மாவைப் பேசச் சொல்லு. தெலுங்குல பேசட்டும். நீ கீழ பாய்ல உக்காந்து கேளு. 'ஆமென்' வேணா சொல்லிக்க, அதுவும் மெதுவா.

இப்போ உள்ள வா, கேவுரு களியும் கருவாட்டுக் குழம்பும் ரெடியா இருக்குது. அந்த பாட்டிலை இங்கயே வெச்சுடு, கன்னுக்குட்டிக்கு ஊத்திக்கிறேன்.