அளந்துட்டு வாங்கும், மருமவனே!

மருமவனே, புதுசா சர்வர் வாங்கி மாட்டியிருக்கீராமே! உள்ள இருக்க என்விஎம்இ டிஸ்க்கு செகண்டுக்கு 3,500 மெகாபைட் வாசிக்குமாம். பலே! பின்னால போற கேபிளையும் எட்டிப் பாத்தேன். 1 கிகாபிட். பத்து எச்.பி. மோட்டாரைக் கெணத்துல எறக்கிட்டு அரை இஞ்சுக் குழாய் போட்ட புத்திசாலிய ஊரெல்லாம் தேடுனேன். நம்ம வீட்டுலயே இருந்திருக்கீரு.

கோவப்படாதேயும், கணக்கைக் கேளும். டிஸ்க் விக்கிறவன் பைட்டுல சொல்லுவான், நெட்வொர்க் விக்கிறவன் பிட்டுல சொல்லுவான். நீரு எட்டால வகுக்கலைன்னா, உம்ம பணத்தை அவனுவ வகுத்துக்கிடுவானுவ. 1 கிகாபிட்டுன்னா 125 மெகாபைட்தான். அதுக்கு, சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க்கு ஒண்ணு போதுமேவே!

இதுல 10 டெராபைட் பேக்கப் வேற. 80,000 செகண்டு, 22 மணி நேரத்துக்கு மேல. ராத்திரி தொடங்குனது மறுநாள் பொழுது சாஞ்சும் ஓடும். பகல்ல வார வாடிக்கையாளரும் அதே கம்பியிலதான் வரணும், வந்த மாதிரிதான்! பேக்கப்புக்குத் தனி லைன் போடும்.

சரி, 10 கிகாபிட்டுக்கு மாறிட்டீருன்னே வைப்போம். காலை நீட்டிப் படுத்துராதேயும். சுவிச்சுல 10 கிகாபிட் போர்ட்டு 48, மேல போறது 40 கிகாபிட் லைன் நாலு. கீழ 480, மேல 160. எல்லா சர்வரும் ஒரே நேரத்துல வெளிய கெளம்புனா மூணுல ஒரு பங்குதான் கெடைக்கும்.

செலவு கம்மின்னு ஹார்ட் டிஸ்க்குல டேட்டாபேஸை வைக்கவும் ஒரு யோசனை இருக்காமே? வரிசையா வாசிச்சா அது சூரப்புலிதான். 4 கிலோபைட் துண்டுகளை அங்கொண்ணும் இங்கொண்ணுமா கேட்டா, 7,200 சுத்து டிஸ்க்கு செகண்டுக்கு நூத்துச் சொச்சம் துண்டு தரும். மொத்தம் ஒரு மெகாபைட்கூடத் தேறாது. அதுக்கு முன்னால 100 கிகாபிட் கேபிள் போட்டாலும் அழகுக்குத்தான்.

அதனால, கடைக்காரன் நோட்டீசை ஓரமா வச்சிட்டு ஒரு தாளை எடும். டிஸ்க்கு, கன்ட்ரோலர், கேபிள், சுவிச்சு, வெளிய போற லைன், எல்லாத்தையும் மெகாபைட்டுல எழுதும். எது சின்ன எண்ணோ அதுதான் உம்ம சர்வரோட வேகம். காசை அங்க போடும். போட்டப்புறம் திரும்ப அளந்து பாரும். இடுக்கு வேற எடத்துக்குக் குடி போயிருக்கும்.