நிரந்தர வேலை எதற்கு?

கால் காசு என்றாலும் கவர்மெண்ட் காசு வேண்டும் என்றார்கள் நம் தாத்தாக்கள். பாவம், நிர்வாகம் தெரியாதவர்கள். மலேசிய அரசுக்குத் தெரியும். 2016 டிசம்பரில் இளம் மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கியது. 2021 மே வரை எடுத்தது 23,077 பேர். நிரந்தரமானவர்கள் 789 பேர். அந்த 789 பேரை நினைத்தால்தான் வருத்தம். பென்ஷன், வீட்டுக் கடன், மேற்படிப்பு விடுப்பு என்று வாழ்க்கையே பாழ்.

ஒப்பந்த மருத்துவருக்கு எத்தனை சுகம்! ஜார்ஜ் டவுனில் வீடு வாங்கும் தொல்லை இல்லை. கடன் தராமல் அதை வங்கியே பார்த்துக்கொள்ளும். "ஒப்பந்தம் முடிஞ்சா என்ன செய்வீங்க தம்பி?" என்று பெண் வீட்டார் கேட்டால், "சிங்கப்பூர்" என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். பினாங்குப் பாலத்தையும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நிறுத்தியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் இன்னும் விறைப்பாக நின்றிருக்கும்.

2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையில் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் நோயாளிகளிடம் திரும்பிவிட்டார்கள். போராட்டம்கூடக் குறுகிய கால ஒப்பந்தம்தான். என்ன ஒழுக்கம்!

அதற்காக நிரந்தரமே ஒழிந்துவிட்டது என்று யாரும் கலங்க வேண்டாம். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருக்கும் இனிப்பு நீர் நோயாளிகளைப் பாருங்கள். நாசி கண்டார் கடையில் நேர்முகத் தேர்வு, ஆஸ்பத்திரியில் நியமனம். ஆயுள் முழுக்க வேலை. புதுப்பிக்கக் கடிதம் வேண்டாம், ராஜினாமாவும் ஏற்கப்படாது.