முன்னாள் படைவீரர் அரசு அலுவலர் ஆவது எப்படி?

கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றிய கையோடு வேலை தேடக் கிளம்பிவிடாதீர்கள். முதல் மாதம் சொந்தக்காரர்களுக்கு உரியது. லீவில் வந்தபோதெல்லாம் “எப்ப கெளம்புறீங்க?” என்று கேட்டவர்கள், இப்போது “அடுத்து என்ன பண்ணப்போறீங்க மாப்ள?” என்பார்கள். பதில் சொல்லி மெனக்கெட வேண்டாம். இந்த மாதக் கேன்டீன் கோட்டா மிச்சமிருக்கிறதா என்ற கேள்விக்கு அது பாயிரம், அவ்வளவுதான்.

அடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிய வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, படிப்புச் சான்று, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் பிறந்தவராக இருந்தால் இதைப் படிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் முழு விவரமும் கிடைத்துவிடும்.

காகிதத்தில் உங்களுக்கான ஒதுக்கீடு கம்பீரமாகத்தான் இருக்கிறது. மத்திய அரசின் சி பிரிவில் 10 சதவீதம், பழைய டி பிரிவில் 20. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5, 24.5. அதில் வரும் 4.5, போரில் ஊனமுற்றவர்களுக்கும் உயிரிழந்தவர்களின் குடும்பத்தாருக்கும். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மற்றதைச் செய்யலாம். இந்த இடங்களில் பல நிரம்புவதே இல்லை. ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. பத்தாவது பாஸாகிப் பட்டாளத்தில் 15 வருடம் இருந்தவர், சி பிரிவு வேலைக்குப் பட்டதாரிக்குச் சமம் என்று மத்திய அரசே சொல்கிறது. உங்கள் மாமனார்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி மாநில அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. வயதுக்காகக் கவலைப்படாதீர்கள், முன்னாள் படைவீரருக்கு 50 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினர் என்றால் 55 வரை எழுதலாம். 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழில் இருந்து வரும். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பாதியைத் திருத்தவே மாட்டார்கள். இருபது வருடம் இந்தியிலேயே திட்டு வாங்கி, இந்தியிலேயே திட்டிப் பழகியவருக்கு ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்பது எதிரி வைத்த கண்ணிவெடி மாதிரி தெரியும். பயப்படாதீர்கள். ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் புத்தகங்கள் போதும். வீட்டில் பையன் பத்தாவது படித்தால் செலவும் மிச்சம். ஆனால் புத்தகம் முதலில் யார் கைக்குப் போவது என்பதில் உங்கள் ரேங்க் செல்லாது. அம்மா யார் பக்கமோ அவருக்கே புத்தகம்.

திறனறிவுக் கணக்கில் மட்டும் கவனம் தேவை. ‘ஒரு சுவரை 12 பேர் 8 நாளில் கட்டினால், 6 பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்?’ என்று கேட்பார்கள். ‘சுபேதார் சாப் பக்கத்தில் நின்றால் நாளை காலைக்குள்’ என்பது உங்கள் அனுபவ உண்மை. அப்படி ஒரு வட்டம் ஓ.எம்.ஆர். தாளில் கிடையாது.

கோச்சிங் சென்டரில் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு 22 வயது இருக்கும். “அங்கிள், நீங்க சியாச்சின்ல இருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடப்பு நிகழ்வுகளுக்குப் போய்விடுவார். அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். 18,000 அடிக்கு மேலே நின்ற கதைக்கு அரை மார்க்கூடத் தேறாது.

ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க முடியாதவர்களுக்கு 1986 முதல் டெக்ஸ்கோ இருக்கிறது. முன்னாள் படைவீரர்களைக் காவல் பணிக்கு அனுப்பும் அரசு நிறுவனம். வங்கி வாசலும் இருக்கிறது. உங்களைப் பார்த்ததும் நாட்டுக்குத் தோன்றுவது பெரும்பாலும் வாசல்தான். லாரி ஓட்டியவர், ரேடார் பார்த்தவர், முந்நூறு பேருக்குச் சமைத்தவர், எல்லோருக்கும் ஒரே நாற்காலி, ஒரே விசில். சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்தவருக்கு ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையைக் கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால், அது நல்ல யோசனை, பரிசீலனையில் இருக்கிறது. வங்கியில் துப்பாக்கியைக் காப்பது சுலபம். கயிறு கட்டிய பேனாவைக் காப்பதுதான் கடினம்.

வேலை கிடைத்துவிட்டதா? சலுகையில் ஒருமுறை வேலைக்குச் சேர்ந்துவிட்டால் மறுமுறை அதே சலுகையைக் கேட்க முடியாது. எனவே பொறுத்துப் பார்த்துச் சேருங்கள். சேர்ந்தபின் சில பழக்கங்களை விட வேண்டும். பத்து மணி ஆபீசுக்கு ஒன்பது ஐம்பதுக்குப் போகாதீர்கள், சாவி வந்திருக்காது. வந்த மனுவை அன்றே முடிக்காதீர்கள். மனு கொடுத்தவருக்கே சந்தேகம் வந்து, சரியாகத்தான் செய்தார்களா என்று இன்னொரு மனு கொடுப்பார். முக்கியமாக, தாசில்தார் அறைக்குள் நுழைந்ததும் குதிகாலைத் தட்டி சல்யூட் வைக்காதீர்கள். நல்ல மனிதராக இருந்தால் பதறி எழுந்து நிற்பார். மற்றவராக இருந்தால் நாளையிலிருந்து தினமும் எதிர்பார்ப்பார்.