இடது சீட்டில் உட்காருகிறவர்களுக்கு

புட்டும் கடலையும் தின்றுவிட்டு இடது சீட்டில் ஏறாதீர்கள். காலை ஆறு மணி வகுப்பு என்றால் ஒரு கட்டன் சாயா போதும். கிளட்சை முதன்முதலாக மிதிக்கிறவர் அதை எப்படி விடுவார் என்பது உங்களுக்கே தெரியும். புட்டுக்குத் தெரியாது.

இது டிரைவிங் ஸ்கூல் ஆசான்மாருக்கான கையேடு. நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று களியக்காவிளை வரைக்கும் எல் போர்டு மாட்டி ஊர்ந்துகொண்டிருக்கிற எல்லாருக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் களரி சொல்லித் தருகிறவரும் ஆசான், வர்ம வைத்தியரும் ஆசான், கார் சொல்லித் தருகிறவரும் ஆசான். களரி ஆசான் பதினெட்டு அடவைச் சிஷ்யனுக்குக் கொடுத்துவிட்டு, அவனே எதிர்த்து நின்றால் உதவட்டும் என்று பத்தொன்பதாவதை மறைத்து வைத்திருப்பார் என்று சொல்வார்கள். உங்கள் பத்தொன்பதாவது அடவு காலடியில் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கிளட்சும் பிரேக்கும்தான் அது.

அதைச் சரியாகப் பயன்படுத்துங்கள். புது ஆசான்மார் பதறிப்போய் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். அந்தப் பக்கம் மாணவர் ஆக்சிலேட்டரில் ஏறி நிற்கிறார். இரண்டு கால்களுக்கு நடுவே இன்ஜின் கிடந்து தவிக்கிறது. முதலில் கிளட்ச். இன்ஜின் எவ்வளவு அலறினாலும் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. அலறல் கேட்டு மாணவர் தானாகக் காலை எடுப்பார், எடுக்காவிட்டாலும் பாதகமில்லை. அப்புறம் நிதானமாகப் பிரேக்.

இந்த அடவைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஸ்கூல் வண்டியை ஆசானும் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ வசதி இருக்க வேண்டும். எல் போர்டு குறைந்தது 18 செ.மீ. சதுரமாக இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வெளியே போகிறவர்களை எச்சரிக்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உள்ளே இருப்பவருக்குப் போர்டு கிடையாது. அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

2024 பிப்ரவரியில் அடவுக்கே ஆபத்து வந்தது. தேர்வுக்கு வரும் காரில் இந்த இரட்டை மிதி கூடாது என்று கேரளப் போக்குவரத்துத் துறை சுற்றறிக்கை விட்டது. கம்பி எண்ணி எண்ணிப் பழகிய ‘எச்’ வடிவத் தேர்வும் போய், பக்கவாட்டில் நிறுத்துவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் வரும் என்றது. மே மாதம் ஸ்கூல்காரர்கள் தேர்வு மைதானங்களில் மறியலுக்கு இறங்கினார்கள். அமைச்சர் கே. பி. கணேஷ்குமாருடன் பேசி முடித்தபோது, சுற்றறிக்கையில் நாளுக்கு 30 என்றிருந்த தேர்வு 40 ஆனது, 15 வயது என்றிருந்த வண்டிக்கு 18 வயது வரை ஆயுள் கிடைத்தது, இரட்டை மிதி தற்போதைக்கு இருக்கட்டும் என்றானது. அதிகாரிகள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தேர்வன்று மாணவர் முகத்தை ஓட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ள, ஓட்டியது ஆசானின் கால் என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்த மிதியைப் பிடுங்கச் சொன்னவர்கள் ஒரு நாள் காலையில் உதியன்குளங்கரைச் சந்தியில் இடது சீட்டில் இருந்து பார்த்திருக்கலாம்.

அடுத்து நாக்கு. எல்லையில் பாதி மாணவர்களிடம் தமிழும் மீதிப் பேரிடம் மலையாளமும் பேசவேண்டி வரும். அதில் கஷ்டமில்லை. பிரேக்கை ‘சவுட்டு’ என்றால் இரண்டு கூட்டத்துக்கும் புரியும். இரண்டு மொழியிலும் ஆளைக் கொல்லப் பார்க்கிற சொல் ‘விடு’. என் முதல் நாள் வகுப்பு இப்படி நடந்தது.

“ஆசானே, எடுக்கட்டா?”

“எடு மக்கா. கிளட்ச பைய விடு.”

விட்டேன். வண்டி துள்ளியது.

“பைய, பைய... செரி, வண்டிய விடு.”

நான் ஸ்டியரிங்கை விட்டேன்.

மரச்சீனித் தோட்டத்து வேலியில் பாதியை எடுத்துக்கொண்டு நின்றோம். ஆசான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் “செரி, விடு” என்றார். அது மூன்றாவது அர்த்தம். ஆகவே, வண்டிக்குள் ‘விடு’ வேண்டாம். அதைவிட மோசம் ‘ரைட்’. கண்டக்டர் வாயிலிருந்து வந்தால் கிளம்பு, வாத்தியார் வாயிலிருந்து வந்தால் சரி, ஆசான் வாயிலிருந்து வந்தால் வலது பக்கம் திரும்பு. “இங்க லெஃப்ட்தானே ஆசானே?” என்று மாணவர் கேட்டு நீங்கள் “ரைட்” என்று பாராட்டினால், எதிரே வருகிற கே.எஸ்.ஆர்.டி.சி. டிரைவருக்கு அந்த இலக்கணம் விளங்காது. பந்தயத் தடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறவர்கள், இன்ன சொல்லுக்கு இன்ன வேலை என்று வண்டி எடுக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பயந்த மாணவரால் உங்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் மூடிக்கொள்வார். உங்கள் ஆயுளைக் குறைக்கப் போகிறவர் தைரியசாலி. குறிப்பாக, வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டு வந்த அண்ணன். “நமக்குப் படிக்க ஒண்ணுமில்ல ஆசானே, கை தெளிஞ்சா போதும்” என்று ஏறுவார். அங்கே டிரைவர் சீட் இடப்பக்கம். இங்கே கியர் தேடி வலக்கையை நீட்டுவார். கதவுதான் அகப்படும். இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போடுவார். வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அமரவிளைப் பாலத்துக்கு முன்னால், பழக்கதோஷத்தில், சாலையின் வலப்பக்கத்துக்குப் போய்ச் சேருவார். இவரிடம் ஒருபோதும் “உங்களுக்குத் தெரியுமே” என்று சொல்லாதீர்கள். முதல் மூன்று நாள் அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நீங்கள் மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடவு கைவிடும் இடம் ஒன்று உண்டு. லைசன்ஸ் வாங்கிய கையோடு புதுக் கார் எடுத்துவிட்டு, “ஆசானே, ஒரு வாரம் கூட வாருங்க” என்பார்கள். தனிக்காசு. அந்த வண்டியில் உங்கள் காலடியில் வெறும் மிதியடிதான். ஆட்டோமேட்டிக் என்றால் மாணவருக்கே கிளட்ச் இல்லை. ஏறியதும் நீங்கள் பார்க்க வேண்டியது ஏசி அல்ல. கியரை நியூட்ரலுக்கு எப்படித் தள்ளுவது என்று பாருங்கள், உங்கள் பத்தொன்பதாவது அடவு இப்போது அங்கே இருக்கிறது. ஹேண்ட் பிரேக் லீவரா பட்டனா என்று பாருங்கள். வேகமாகப் போகும்போது லீவரைச் சுண்டி இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும், அதனால் முதலில் நியூட்ரல்தான். பெல்ட் போடுங்கள். ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்க வசதியில்லை என்று பெல்ட்டைத் தவிர்க்கும் ஆசான்மாரை எனக்குத் தெரியும். பெல்ட் போட்டு எட்டவில்லை என்றால் சீட்டை நகர்த்துங்கள்.

இந்தப் புதுக் கார்க்காரர் எங்கே போகச் சொல்வார் என்பதும் தெரிந்ததே. பாலராமபுரம் பழைய ரோட்டில் அவருக்கு ஆசை இல்லை. கரமனையிலிருந்து கொடிநடை வரை அகலமாக வந்த பாதை அங்கே கழுத்து இறுகி நிற்கிறது. அவருக்கு வேண்டியது பைபாஸ். முக்கோலையிலிருந்து எல்லை ஓரம் வரை 16 கிலோமீட்டர் கான்கிரீட், அது வந்து சேருகிற ஊரின் பெயரே காரோடு. பெயரைப் படித்ததும் காலுக்கு உத்தரவு வந்துவிட்டதாக இளவட்டங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 

வேகம் சொல்லித் தர இடங்கள் உண்டு. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும், பின்னர் கோவைச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும் தடங்கள் இருக்கின்றன. அங்கே ஓடும் ஃபார்முலா காரில் ஒரே சீட். ஆசானுக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாட்டை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. இரண்டு சீட் உள்ள வண்டியில்தான் விபரீதம். 2013 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தடத்தில், போர்ஷே சூப்பர்கப் பந்தயத்தில் அந்த வருடம் முன்னணியில் இருந்த பிரிட்டன்காரர் ஷான் எட்வர்ட்ஸ், சொல்லிக்கொடுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. அவர் இறந்தார். அவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் அந்த சீட்டில் இருந்தது வாய் மட்டும்தான்.

அதனால் பைபாஸ் என்றதும் முதல் சுற்று நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கிளம்பும் முன் பேசிக்கொள்ளுங்கள், அது உங்கள் எண்ணாக இருக்கட்டும். சொன்ன பேச்சை இரண்டு தடவை கேட்காவிட்டால் ஓரம் கட்டச் சொல்லி இறங்குங்கள். காசு போகட்டும். காரோட்டிலிருந்து பாறசாலைக்கு ஆட்டோ கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இது வகுப்பெல்லாம் முடிந்த பிறகு வருவது. மழைச்சாரலில் களியக்காவிளை ஸ்டாண்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பீர்கள். போன மாதம் லைசன்ஸ் வாங்கிய மாணவர் பளபளவென்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து, உங்கள் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்துவார். கண்ணாடி இறங்கும். நன்றி தெரிந்த பிள்ளை.

“ஏறுங்க ஆசானே, வீட்ல கொண்டு விடுதேன்.”

நான்காவது அர்த்தம். “பஸ் வந்திட்டு மக்கா” என்று சொல்லுங்கள், வராவிட்டாலும்.