மரத்தடி மாமா பதில்கள்: ஆல், அரசு, அத்தி வகையறா

பள்ளி ஆசிரியை, வேலூர்: ஆல், அரசு, அத்தி மூன்றும் ஒரே பேரினம் என்று புத்தகம் சொல்கிறது. முகச்சாயலே இல்லையே மாமா?

சாயல் இலையில் இல்லை டீச்சர், காயில் இருக்கிறது. மூன்றின் காயையும் பிளந்து பாருங்கள். மூடிய உருண்டை, உள்ளே நூற்றுக்கணக்கில் பொடிப்பூ, உச்சியில் ஒரு துளை. அந்தக் காய் இருந்தால் ஃபைகஸ் பேரினம். இல்லாவிட்டால் எவ்வளவு நீள விழுது தொங்கவிட்டாலும் வெளியாள்தான்.

கல்லூரி மாணவர், தேனி: மொத்தம் எத்தனை இனங்கள்?

சுமார் 850. லின்னேயஸ் 1753இல் கணக்கெழுதியபோது பத்தைக்கூடத் தொடவில்லை. மரம் அப்போதும் இருந்தது தம்பி, போய்ப் பார்க்க ஆள்தான் இல்லை.

வீட்டு நிர்வாகி, கும்பகோணம்: 'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அத்தி உண்மையிலேயே பூக்குமா?

பூக்காமல் காய் எப்படித் தாயி வரும்? காயே பூங்கொத்துதான். பூவெல்லாம் உள்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பலாவின் முள்தோலை உள்ளுக்குத் திருப்பிப் போட்டுத் தைத்தால் அத்தி. இரண்டும் ஒரே குடும்பம், மொராசியே. முசுக்கொட்டையும் பங்காளி.

'வண்டு', காரைக்குடி: பூ உள்ளே பூட்டிக் கிடந்தால் மகரந்தம் யார் கொண்டு போவது?

நீ இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி. பெண் குளவி அந்த உச்சித் துளை வழியாக முட்டி மோதி உள்ளே போகிறாள். வழியிலேயே சிறகு பிய்ந்துவிடும். திரும்பி வர டிக்கெட் கிடையாது. சில பூக்களுக்கு மகரந்தம், சில பூக்களில் முட்டை, அப்புறம் அங்கேயே கதை முடிந்தது.

பிள்ளைகளில் ஆணுக்குச் சிறகே இல்லை. பிறந்த வீட்டிலேயே கல்யாணம், பெண்கள் வெளியேறச் சுரங்கம் தோண்டுவது, சாவு. மூன்றுக்கும் ஒரே மண்டபம். பெண்கள் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு அடுத்த மரம் தேடிப் பறப்பார்கள்.

சுத்த சைவர், மயிலாப்பூர்: ஐயையோ! அப்படியானால் நான் இத்தனை நாள் தின்ற அத்திப்பழம்?

பயப்படாதீர். சந்தைக்கு வருவது சீமையத்தி, ஃபைகஸ் காரிகா. அதில் பல ரகங்கள் குளவி வராமலே பழுக்கும். புனே அத்தி அந்த ரகம். துருக்கியின் ஸ்மிர்னா ரகத்துக்குக் குளவி வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்த ரகத்தை நட்டுவிட்டுக் காய் தங்காமல் தவித்தார்கள். 1899இல் குளவியை இறக்குமதி செய்த பிறகுதான் விளைந்தது. உள்ளே செத்த குளவியையும் ஃபைசின் என்ற நொதி பெரும்பாலும் கரைத்துவிடும்.

ஆற்றோரத்து நாட்டத்தி வேறு கதை. அதைப் பிட்டுப் பார்க்காமல் வாயில் போடாதீர். அத்திக்குள் புழு என்று பழமொழி சொன்னவர் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை: ஓர் அத்தி இனத்துக்கு ஒரே குளவி இனம் என்பது சரியா?

பாடப்புத்தகத்தில் சரி. ஆலுக்கு யூப்ரிஸ்டினா மேசோனி, அரசுக்கு பிளாட்டிஸ்கேபா குவாட்ராட்டிசெப்ஸ், அத்திக்கு செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ். ஏகபத்தினி விரதம்! பிறகு மரபணுவைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே அத்திக்கு இடத்துக்கு இடம் வேறு குளவி, ஒரே குளவி என்று நினைத்ததற்குள் இரண்டு மூன்று இனம். விரதம் உண்மைதான், விதிவிலக்கும் நிறைய. மனுஷனைக் குறை சொல்லாதே தாயி.

வழக்கறிஞர், மதுரை: 850 இனத்தை ஒரே பேரினத்தில் ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள்? பாகப்பிரிவினை செய்யக்கூடாதா?

செய்து பார்த்தாயிற்று வக்கீல் சார். 1840களில் நேப்பிள்ஸ்காரர் காஸ்பரினி சொத்தைக் கூறுபோட்டார். ஆல், அரசு கோஷ்டிக்கு 'உரோஸ்டிக்மா' என்று தனிப் பட்டா, மற்றவர்களுக்கு வேறு வேறு பட்டா. நெதர்லாந்தின் மிக்கேல் அதை நம்பி ஏகப்பட்ட இனங்களுக்கு உரோஸ்டிக்மா என்றே பெயர் எழுதினார்.

1867இல் அதே மிக்கேல் எல்லாவற்றையும் திரும்ப ஃபைகஸுக்குள் சேர்த்துவிட்டார். பூ வித்தியாசம் இருக்கிறது, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூடிய காயைத் தாண்டி வேலி போட முடியவில்லை. அடுத்து கல்கத்தா தோட்டத்து ஜார்ஜ் கிங் 1887-88இல் ஆசிய இனங்களைப் படத்தோடு அடுக்கினார். அவரும் கூட்டுக்குடும்பம் கட்சி. மரபணு ஆய்வும் கடைசியில் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டது. கேஸ் தள்ளுபடி!

அதே வழக்கறிஞர்: வேலமரத்துக்கு மட்டும் பெயரை மாற்றிவிட்டார்களே?

விடமாட்டீரே. அது அகேசியா. அங்கே மரபணு 'இது ஒரே குடும்பமே இல்லை' என்று சொல்லிவிட்டது. 2005இல் தாவரவியலாளர்கள் வியன்னாவில் கூடிப் பெயரை ஆஸ்திரேலியக் கிளைக்குக் கொடுத்தார்கள், 2011இல் மெல்பர்னில் உறுதிசெய்தார்கள். நம் கருவேலம் இப்போது வச்செல்லியா நிலோடிகா. பல்குச்சிக்கு இது தெரியாது.

வாசகி, திருச்சி: குடும்பத்துக்குள்ளே தனிக்குடித்தனமாவது உண்டா?

ஆறு துணைப்பேரினங்கள். உரோஸ்டிக்மா, அதாவது ஆல், அரசு, அடுத்த மரத்தை நெரிக்கும் ஆசாமிகள். சைகோமோரஸ், நம் அத்தி இங்கே. ஃபைகஸ், சீமையத்தி இருக்கும் வீடு. சிசிடியம், சொரசொரப்பு இலைக்காரர்கள், சில இனங்களின் இலையால் தச்சர்கள் மரத்தையே தேய்ப்பார்கள். சினோசியா, கொடிகள். காம்பவுண்டுச் சுவரில் ஒட்டிப் படரும் அந்த அழகுக்கொடி இதில்தான்.

ஆறாவது ஃபார்மகோசைசியா. அங்கேதான் தகராறு. அதன் அமெரிக்கக் கிளை மற்ற எல்லாருக்கும் முன்பே பிரிந்துபோன தனிக்கிளை என்கின்றன பெரும்பாலான மரபணு ஆய்வுகள். பெயர்ப்பலகை ஒன்று, குடித்தனம் இரண்டு.

'வானரம்', குற்றாலம்: இந்த மரங்களையெல்லாம் ஏறிப் பார்த்தது யார்?

உன் ஆட்கள்தான்! சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் கார்னர் என்று ஒரு ஆங்கிலேயர். மலாய்க் காட்டில் மரம் நூறு நூற்றைம்பது அடி உயரம், துரை ஏறமாட்டார். பெரோக் என்ற வகைக் குரங்கைப் பழக்கினார். தேங்காய் பறிக்க மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் குரங்குதான். உச்சிக்குப் போய்க் கிளையை ஒடித்துப் போடும், கீழே இவர் பொறுக்கிப் பெயர் எழுதுவார். ஆசிய ஃபைகஸ் வகைப்பாட்டில் இன்றைக்கும் கார்னர் பெயரைச் சொல்லாமல் ஒரு பக்கம் நகராது. குரங்கின் பெயரை மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை. உலக வழக்கம்.

பஞ்சாயத்து உறுப்பினர், சிவகங்கை: பூவரசும் அரசும் சொந்தமா?

இல்லை. பூவரசு பருத்திக்குச் சொந்தம். அடுத்து அகத்தியைக் கேட்பீர்கள், அது அவரைக்குச் சொந்தம்.

பக்தர், காஞ்சிபுரம்: அத்தி வரதர் எந்த அத்தி? தண்ணீருக்குள் எப்படித் தாங்குகிறார்?

அத்தி என்று நம் ஊரில் சொல்வது ஃபைகஸ் ரெசிமோசா. வெளியில் வைத்தால் சீக்கிரம் உளுத்துப்போகும் மரம், மேஜை நாற்காலிக்கு யாரும் வாங்கமாட்டார்கள். தண்ணீருக்குள் போட்டால் தாங்கும். அதனால் கிணற்றுக்குள் சட்டம் அமைக்கப் பயன்படுத்தினார்கள். 1979இல் வந்தவர் 2019இல் வந்தார், நடுவில் 40 வருஷம் குளத்துக்குள். மரத்துக்கு ஏற்ற இடம். மீதியை அவரிடமே கேளும்.

பனைப்பிரியன், தூத்துக்குடி: பனைமரத்து உச்சியில் ஆல் முளைத்திருக்கிறது. யார் நட்டது?

காக்கையோ மைனாவோ. பழம் சாப்பிட்ட கையோடு... சரி, வாயோடு. விதை பனைமட்டை இடுக்கில் முளைத்து வேரைக் கீழே இறக்கும். வேர் தரையைத் தொடும்வரை விருந்தாளி, தொட்ட பிறகு வீட்டுக்காரன். பனை தப்பவேண்டுமானால் இப்போதே பிடுங்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்: அரசுக் கட்டடச் சுவர்களில் மட்டும் அரசு முளைப்பதேன்?

எல்லாச் சுவரிலும்தான் பறவை விதை போடுகிறது. மற்றவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள்.

மாணவி, கோவை: பேயத்தியில் ஆண் மரம், பெண் மரம் உண்டாமே?

உண்டு, இனங்களில் பாதிக்குப் பக்கம் இப்படித்தான். பேயத்தி, அதாவது ஃபைகஸ் ஹிஸ்பிடா, நல்ல உதாரணம். ஆண் மரத்துக் காயில் குளவி முட்டையிடலாம், குஞ்சு பொரிக்கும், மகரந்தம் ஏறும். பெண் மரத்துக் காயில் பூவின் சூல்தண்டு நீளம், முட்டையிடும் ஊசி எட்டாது. மரத்துக்கு விதை, குளவிக்குப் பட்டை நாமம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு காயும் ஒன்றுபோலவே இருக்கும். விளம்பரம் ஒன்று, சரக்கு வேறு. ஆலும் அரசும் இந்த வேலை செய்யாது.

பெரியவர், தஞ்சாவூர்: உலகத்திலேயே பெரிய ஆல் எது? அடையாறுதானே?

ஊர்ப்பாசம் வாழ்க. ஆந்திராவில் கதிரிக்குப் பக்கத்தில் திம்மம்ம மர்ரிமானு, சுமார் 5 ஏக்கர் குடை. 1989இல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது. அதே 1989இல்தான் நம் அடையாறு ஆலின் தாய்த்தண்டு புயலில் சாய்ந்தது. ஹவுரா தோட்டத்து ஆலுக்கோ 1925இலேயே நடுத்தண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள், பூஞ்சைநோய். விழுதுகளே மரமாக நடக்கிறது. தலைவர் இல்லாமல் கட்சி பெரிதாவது அங்கே மட்டும்தான்.

கண்ணன் ரசிகை, மன்னார்குடி: இலை கிண்ணம்போல இருக்கும் கிருஷ்ணன் ஆல் தனி இனமா?

1901இல் காசிமிர் து கந்தோல் தனி இனம் என்றார், ஃபைகஸ் கிருஷ்ணே. மற்றவர்கள் ஆலின் ஒரு வகைதான் என்றார்கள். காயில் புதிதாக ஒன்றும் இல்லை, இலைதான் கோணல். நான் ஆல் கட்சி. வெண்ணெய் யார் தின்றது என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை.

மாடித்தோட்டக்காரர், சென்னை: என் ரப்பர் செடியில் ரப்பர் எடுக்கலாமா?

அது ஃபைகஸ் எலாஸ்டிகா. ஒரு காலத்தில் எடுத்தார்கள், பிரேசிலின் ஹீவியா வந்ததும் மார்க்கெட் போச்சு. மேகாலயாவில் காசி மக்கள் இதன் வேரைத் திருப்பிவிட்டு ஆற்றுக்கு உயிருள்ள பாலம் கட்டுகிறார்கள். உங்கள் மாடியில் அது சும்மா நிற்கிறது, பாவம்.

வெளிநாட்டு வாசகர், ஃபுளோரிடா: இங்கே தெருவோரம் நட்ட இத்தி இப்போது சுவர் சுவராக முளைக்கிறது. முன்பு முளைக்காதாம். ஏன்?

முன்பு மரம் மட்டும் வந்தது, குளவி வரவில்லை. ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா அங்கே வருஷக்கணக்காக மலடாக நின்றது. அப்புறம் யூப்ரிஸ்டினா வெர்டிசில்லேட்டா எப்படியோ வந்து சேர்ந்தது. குடும்பத்தைக் கூப்பிட்டால் இப்படித்தான் மாப்பிள்ளை, விசா இல்லாமல் ஊரே வரும்.

பாதிரியார், நாகர்கோவில்: பைபிளில் சகேயு ஏறிய காட்டத்தி எது?

ஃபைகஸ் சைகோமோரஸ், ஆப்பிரிக்காக்காரன். எகிப்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குச்சி நட்டே வளர்த்தார்கள், அதற்குரிய குளவி அங்கே கிடையாது. காயைக் கத்தியால் கீறிவிட்டால் பழுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். குட்டையாகக் கிளை பரப்பும் மரம். சகேயு குள்ளம், தேர்வு சரி.

பறவை நோக்கர், வேடந்தாங்கல்: இத்தனை இனம் பெருக என்ன காரணம்?

மரம், புதர், கொடி, பாறை இடுக்கு, அடுத்தவன் தலை என்று எங்கும் குடியேறும் குணம் ஒன்று. சொந்தக் குளவி ஒன்று. வருஷம் முழுக்க எங்காவது ஏதாவது மரம் பழுத்திருப்பது இன்னொன்று. உலகில் 1,200க்கும் மேற்பட்ட பறவை, விலங்கினங்கள் இந்தப் பழங்களைத் தின்கின்றன. அத்தனை பேரும் சம்பளமில்லாத விதை வியாபாரிகள். போர்னியோ, நியூ கினி இரண்டு தீவிலும் தனித்தனியே நூறு இனத்துக்கு மேல்.

குழப்பத்தில் இருப்பவர், திண்டுக்கல்: இச்சி, இத்தி, கல்லால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. கண்டுபிடிப்பது எப்படி?

ஊருக்கு ஊர் ஒரே பெயரை வேறு மரத்துக்கு வைத்திருக்கிறார்கள், கல்லாலுக்கு மட்டும் மூன்று நான்கு மரம் போட்டியிடுகிறது. பெயரை நம்பாதீர். இலையைக் கிள்ளும், பால் வரவேண்டும். தளிர் நுனியின் கீழே குச்சியைச் சுற்றி மோதிரத் தழும்பு இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் ஃபைகஸ். பிறகு காய். ஆலுக்கு இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஜோடியாகச் சிவப்பு. அரசுக்கும் ஜோடிதான், ஆனால் கருஞ்சிவப்பு, பொடிசு. அத்திக்கு அடிமரத்திலேயே கொத்துக்கொத்து.

அடுத்த முறை படம் அனுப்பும்போது காயையும் சேர்த்து எடுத்து அனுப்பும். இலையை மட்டும் அனுப்பி 'இது என்ன மரம் மாமா' என்று கேட்பவர்களுக்கு இனிமேல் பதில் கிடையாது.