டைம்டேபிள் மாமா

கண்டி ஸ்டேஷனில் கோச்சி வந்து நின்றதும் எல்லோரும் கதவைப் பார்த்து ஓடுவார்கள். ஒருவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் பயணி அல்லர், யாரையும் வழியனுப்ப வந்தவரும் அல்லர். குட்செட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில், இன்றைக்கு எத்தனை நிமிஷம் லேட் என்று தெரிந்துகொண்டு போக வந்தவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதுவானாலும் ஊர் வைத்த பெயர் டைம்டேபிள் மாமா. கட்டுகலையில் ஒருவர் இருக்கிறார், கட்டுகஸ்தோட்டையில் ஒருவர். பேராதனையில் இரண்டு பேர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

பள்ளிக்கூடத்திலோ கச்சேரியிலோ வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவராக இருப்பார். பிள்ளைகளில் ஒன்றாவது சுவிஸில் இருக்கும். எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"மாமா, தங்கச்சி மகளுக்கு வியன்னாவுல கல்யாணம்."

"சந்தோஷம். சூரிச்சுல இருந்து பகல் வண்டியா, ராத்திரி வண்டியா?"

துக்க வீட்டிலும் இதுதான். சென்னையில் சின்னம்மா தவறிப்போய்விட்டார் என்றால், ஒரு நிமிஷம் மௌனமாக இருந்துவிட்டு, "ராத்திரி வண்டியப் புடிச்சா காரியத்துக்கு வெள்ளனவே போய்ச் சேந்துடலாம்" என்பார். அந்த ஒரு நிமிஷமும் அவர் மனசுக்குள் கணக்குப் பார்த்தது என்பது வீட்டாருக்குத் தெரியும்.

இது பரம்பரை வியாதி. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே டிக்கெட்டில் போகலாம் என்று ஆயிற்று. கோட்டையில் சாயந்தரம் தலைமன்னார் மெயிலில் ஏறினால் விடியும்போது கடல். கப்பலில் சுமார் இரண்டு மணித்தியாலம். தனுஷ்கோடியில் போட் மெயில், மறுநாள் காலை எழும்பூர். கண்டிக்காரர்கள் பொல்காவலைக்கு இறங்கி, கட்டுச்சோற்று மூட்டையோடு மெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். மாமாவின் அப்பா திருச்சிப் பக்கம் பெண் பார்க்க அந்த வழியாகத்தான் போனார். பெண் யார் என்று கேட்டால் "அம்மாதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, பொல்காவலையில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்ததை மாமா அரை மணி நேரம் சொல்வார்.

அந்தப் பயணத்தில் பகலா இரவா என்ற வழக்கே எழவில்லை. தரையை இரவில் கடந்தார்கள், கடலைப் பகலில் கடந்தார்கள். "வெள்ளக்காரன் நல்லா யோசிச்சுப் போட்டிருக்கான். வன்னிக் காட்டுல பாக்குறதுக்கு என்னா இருக்கு? தூங்கு. கடல் வந்தா எந்திரி" என்பது மாமாவின் விளக்கம். வெள்ளைக்காரன் யோசித்தது தபால் மூட்டையைப் பற்றி என்று நான் சொல்லிப் பார்த்ததுண்டு. மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒப்பந்தப்படி தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கப்பலுக்காக ஏறிய வண்டிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று மட்டும் மாமா சொல்ல மாட்டார். பிளேன்டீயைக் குடித்து முடித்து எழுந்துவிடுவார்.

ஒவ்வொரு டைம்டேபிள் மாமாவுக்கும் எதிர்க்கட்சியில் ஒரு மச்சான் உண்டு. மாமா இரவுக் கட்சி என்றால் மச்சான் பகல் கட்சி. றம்புக்கனையைத் தாண்டிக் கோச்சி மலையேறும்போது அலகல்ல மலையையும் கீழே பள்ளத்தாக்கையும் பார்க்காத கண் எதற்கு என்று கேட்கிறவர். கொழும்பிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னல் கிடைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு நிற்பவர். இருவரும் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சைவக் கடையில் சந்திப்பார்கள். பேச்சு பொடி மெனிக்கே வண்டியில் தொடங்கும், வடை வந்து சேர்வதற்குள் சுவிஸுக்குப் போய்விடும்.

"ராத்திரி வண்டின்னா ஹோட்டல் காசு மிச்சம் மச்சான். படுத்தா சூரிச்சு, எந்திரிச்சா வியன்னா."

"பகல்ல எட்டு மணித்தியாலத்துல கொண்டுபோய் விடுறான். ஒங்க ராத்திரி வண்டி அதவிட ரெண்டு மணித்தியாலம் கூட உருட்டுதே?"

"உருட்டணும். விடியிறதுக்கு முந்தியே கொண்டுபோய் எறக்கிவிட்டா குளிருல எங்க போய் நிக்கிறது? தூங்குறவனுக்காகத்தான் மெதுவா ஓட்டுறான்."

"தூங்கிட்டா லீக்டன்ஸ்டைன் போயிடுமே! ஒரு நாடு, முழுசா!"

"முழிச்சிக்கிட்டு இருந்தாலும் இந்த வடையத் தின்னு முடிக்கிறதுக்குள்ள போயிடும். மொத்தமே ஒம்பது கிலோமீட்டர் தண்டவாளம்."

"ஆல்ப்ஸ் மலை?"

"ஆர்ல்பெர்க் சுரங்கம் பத்து கிலோமீட்டருக்கு மேல. பட்டப்பகல்ல போனாலும் அங்க ராத்திரிதான்."

இந்தச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது, இருவரும் அதுவரை கடந்த மிகப் பெரிய சுரங்கம் அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே உள்ள சிங்கமலைச் சுரங்கம். அது அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

விசா கிடைத்துப் போய்வந்த மாமாக்களும் உண்டு. வேடிக்கை அங்கேதான். இரவுக் கட்சி மாமாவுக்கு மகன் கீழ்ப் படுக்கையே எடுத்துக் கொடுத்திருப்பான். வெள்ளைத் துப்பட்டி, தலையணை, காலையில் ரொட்டியும் கோப்பியும். மாமா பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்திருப்பார். ஃபெல்ட்கிர்க், இன்ஸ்புரூக், சால்ஸ்பூர்க் என்று வண்டி நின்ற இடமெல்லாம் கொப்பியில் ஏறியிருக்கும், எத்தனை நிமிஷம் பிந்தியது என்பதோடு. முன்பெல்லாம் தூங்குகிறவர்களை எல்லையில் எழுப்பாமலிருக்க வண்டிக்காரரே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வாராம். "நல்ல வேளை, இப்ப அது இல்ல. குடுத்துட்டு யாரு நிம்மதியாத் தூங்குறது?" என்கிறார் தூங்காதவர்.

பகல் கட்சி மச்சான் பகல் வண்டியில்தான் போனார். ஜன்னலோர சீட். சூரிச் ஏரி கண்ணில் பட்டது வரை ஞாபகம் இருக்கிறது. மலை வருகிறது என்று மனைவி உலுக்கி எழுப்பியபோது வண்டி ஆர்ல்பெர்க்குக்குள் நுழைந்துவிட்டிருந்தது. கண்ணைத் திறந்தவர், "இருட்டிருச்சா? வியன்னா வந்துருச்சா?" என்று கேட்டாராம். மலைகளெல்லாம் மனைவியின் போனில் பத்திரமாக இருக்கின்றன. மச்சான் இன்றுவரை சைவக் கடையில் அவற்றைக் காட்டித்தான் பகல் பயணத்துக்காக வாதாடுகிறார்.

என்னைக் கேட்டால், அறுபதைத் தாண்டியவர்கள் கேட்க வேண்டியது பகலா இரவா என்றல்ல; கழிப்பறை எத்தனை அடி தூரத்தில், படுக்கை மேலேயா கீழேயா என்றுதான். மேல் படுக்கையிலிருந்து நடுராத்திரியில் ஏணியில் இறங்கிப் பார்த்தவருக்கு ஐரோப்பாவின் இயற்கை அழகு ஒரு பொருட்டே இல்லை. அதுவும் போக, எந்த வண்டி என்று கடைசியில் தீர்மானிப்பது மாமாவும் அல்ல, மச்சானும் அல்ல. மகனுக்கு எப்போது லீவு, எந்த டிக்கெட் மலிவு என்ற இரண்டும்தான்.

இப்போது மாமாவுக்குப் புதுத் தெம்பு வந்திருக்கிறது. தலைமன்னார்த் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு 2015-இல் வண்டி விட்டார்கள். ஆனால் அங்கிருந்து கப்பல் இல்லை. கப்பல் வந்தது காங்கேசன்துறைக்கு: 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. மாமா கொப்பியை விரித்துவிட்டார். பொல்காவலையில் காங்கேசன்துறை இரவு மெயில், காலையில் துறைமுகம், பகலில் கடல், பொழுது சாயும்போது நாகப்பட்டினம், காரைக்காலிலிருந்து வரும் ராத்திரி வண்டியில் சென்னை. அப்பா போன கணக்கு அப்படியே திரும்பி வந்திருக்கிறது, தரை இரவில், கடல் பகலில். மச்சானிடம் இதற்குப் பதில் இல்லை. பகலில் யாழ்தேவியில் போய் யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு தங்கலாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். "ஹோட்டல் காசு?" என்றார் மாமா.

கண்டியிலிருந்து இந்த வழியாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கப்பல் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள், ரயில் ஓடுகிறதா என்று இரண்டாவதாகக் கேளுங்கள். பகலா இரவா என்பதைக் கட்டுகலை மாமாவிடம் கேட்கலாம். கேட்கப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.